காவிரி அணைக்கட்டுகளும் மீன்களின் வழியும்: ஒரு வரலாற்று நோக்கு

மைசூர் நகரின் பழைய குடியிருப்புகளுள் ஒன்று அக்ரஹாரம் எனப் பெயர் பெற்றுள்ளது. அந்தணர்க்கு அரசர் வழங்கிய கொடையூரைக் குறிப்பது அச்சொல். கொடைச் சாசனங்கள் நிலத்தோடு சேர்த்து வழங்கும் எண்வகை உரிமைகளுள் நீரும் ஒன்று. நீர் உரிமையாயின் அதனைக் கொணரும் வாய்க்கால் வேண்டும். வாய்க்காலில் நீர் ஏற ஆற்றின் குறுக்கே ஒரு கட்டு வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றிக் காவிரியில் மைசூர் உடையார்கள் எழுப்பிய கட்டுகள் இத்தேவையின் விளைவே. கண்டீரவ நரசராசர் காலத்தில், 1645க்கும் 1648க்கும் இடையே எழுந்த ஓர் அணையினால் ஆற்றிடைத் திட்டுகள் தோன்றின. அவையே இன்று ரங்கனதிட்டு பறவைப் புகலிடமாக விளங்குகின்றன. பறவைக்கு இடம் தந்த அணை மீனுக்கு என்ன செய்தது என்பது பெரிதும் கேட்கப்படாத வினா.

கன்னடத்தில் ‘கட்டெ’ எனப்படும் இவ்வணைகள் உயரம் குறைந்தவை. கருங்கல்லை அடுக்கி எழுப்பியவை. தென்மேற்குப் பருவத்தில் வெள்ளம் இவற்றின் மேலேயே புரண்டு செல்லும். சினையிடும் பொருட்டு அப்பருவத்தில் எதிரேறும் மகசீர் போன்ற வலிய மீன்களுக்கு இவை முழுத் தடையாக இருந்திருக்கமாட்டா எனக் கருதலாம். தமிழகப் பகுதியில் வழங்கிய ‘கொரம்பு’ இன்னும் எளியது. தழை, மணல், களிமண் ஆகியவற்றால் ஆண்டுதோறும் கட்டப்பெற்று, வெள்ளம் வந்ததும் தானே கரைந்து போவது அது. தடையை அகற்றுதல் என்பது இன்று அயல்நாட்டுக் கருத்தாகப் பேசப்படினும், கொரம்பு கட்டிய உழவரின் ஆற்றில் அது ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒன்றேயாகும். மீனுக்காக அவர்கள் அவ்வாறு செய்தனர் என்று கூறுவது மிகையாகும். நிலையான அணை கட்டும் பொருள்வலி இன்மையே காரணம். எனினும் பயன் மீனுக்கும் கிட்டியது.

நிலை மாறியது 1836இல். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்து போனமையால் நீர் முழுதும் கொள்ளிடத்திற் பாய, காவிரி மணலால் மேடிட்டு வந்தது. தஞ்சை வறளும் எனக் கண்ட ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். கல்லணையின் அமைப்பை அவர் ஆராய்ந்து கற்றதும், ‘அணைக்கட்டு’ என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலப் பொறியியல் வழக்கில் ஏறியதும் பலரும் அறிந்தவை. அதே காட்டன் 1867இல், பாசன அணைகளால் கடற்கரை மீன்வளத்திற்குத் தீங்கு நேரக்கூடும் என்று இந்தியா அமைச்சரின் கவனத்திற்குக் கொணர்ந்தார் என்பது அத்துணை அறியப்படாதது. அணையைக் கட்டியவரே அதன் குறையையும் முதலில் எழுப்பினார்.

இதன் தொடர்ச்சியாகவே சென்னை மாகாணத்து மருத்துவ அலுவலரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே விசாரணையில் ஈடுபட்டார். இந்தியா, பர்மா நன்னீர் மீன்வளம் பற்றிய அவரது அறிக்கை 1873இல் வெளிவந்தது. அணைகளில் மீன் செல்ல வழி வேண்டும் என்பதை டே ஏற்றார். ஆயினும் சிறுகண் வலை, ஓடைகளில் நிறுத்தப்படும் பொறிகள், நஞ்சிடல் ஆகியவற்றின் மீதே அவரது கவனம் மிகுதியாகச் சென்றது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடை செய்தது. நிலைப்பொறி, அடைப்பு, வலை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்ற உள்ளாட்சி அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. அச்சட்டம் கூறும் அடைப்பு மீன்பிடிப்போர் இடும் அடைப்பே. அரசு கட்டிய அணை அன்று எனக் கொள்வதே பொருந்தும். காட்டன் எழுப்பிய வினா அணையைப் பற்றியது. முப்பது ஆண்டுகளில் கிடைத்த விடையோ செம்படவரின் வலையைப் பற்றியது. காவிரி மீன்வள வரலாற்றில் கவனிக்கத்தக்க திருப்பம் இது.

இத்திருப்பத்தின் இழப்பை உணர்த்த உல்லம் மீன் ஒன்றே போதும். வங்காளத்தில் இலிசு எனவும் தெலுங்கில் புலசு எனவும் போற்றப்படும் இம்மீன் கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வருங்கால் ஆற்றில் எதிரேறி நன்னீரில் சினையிடும். சால்மன் போலத் தாவி ஏறும் இயல்பு இதற்கில்லை. ஆகவே மேலைநாட்டுச் சால்மனைக் கருதி வகுத்த மீனேணிகள் இதற்குப் பொருந்துமா என்னும் ஐயம் தொடக்கம் முதலே இருந்தது. சென்னை மாகாணத்தில் 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துறை உருவானபின் வேறொரு வழி நாடப்பட்டது. எச். சி. வில்சன் 1909ஆம் ஆண்டளவில் கீழணையருகே உல்லத்தின் சினையைப் பிழிந்தெடுத்துச் செயற்கை முறையிற் பொரிக்க முயன்றார். சுந்தரராஜ் அம்முயற்சியைத் தொடர்ந்து, உல்லத்தின் இயல்பு குறித்து 1917இல் எழுதினார். மீனுக்கு வழிவிட இயலாத இடத்தில் மீனையே உண்டாக்கும் முயற்சி இது. ஆய்வு என்ற வகையில் மதிப்புடையது. வழியடைப்புக்கு மாற்றாக அது அமையவில்லை.

1934இல் நிறைவெய்திய மேட்டூர் அணை இவ்வினாவையே வேறு நிலைக்குக் கொண்டு சென்றது. காட்டனின் அணைகள் வெள்ளத்தில் மூழ்கத்தக்கவை. 214 அடி உயர அணையை எம்மீனும் கடவாது. உல்லம் முன்பு மேட்டூர் வரை ஏறிவந்த செய்தி மீன்வள நூல்களில் பதிவாகியுள்ளது. அணைக்கு மேலுள்ள ஆறு மூடப்பட்டதோடு, அணைக்குக் கீழும் வெள்ளத்தின் அளவும் காலமும் மாறின. எதிரேறுமாறு மீனைத் தூண்டுவது புதுவெள்ளமே ஆதலின், இவ்விரண்டாம் இழப்பு முதலினும் சிறிதன்று.

மைசூர்ப் பகுதிக்கு உல்லம் ஒருபோதும் வந்ததில்லை. சிவசமுத்திர அருவியே இயற்கைத் தடை. அங்குள்ள இழப்பு மகசீருடையது. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைத் தூண்டிலிற் பிடித்தார். காவிரிப் படுகைக்கே உரிய இத்திமில் மகசீர், பவானிக்கும் தெற்கே அமராவதியின் கிளையாகிய பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட இனமே என்பது 2018இல் தெளிவாயிற்று. அவ்வாண்டே அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பெற்றது. 1911இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணராஜசாகரமும் பின்னர் வந்த கபினி அணையும் ஆற்றைத் துண்டாக்கின என்பது உண்மை. ஆனால் குற்றம் முழுவதையும் அணைமேல் ஏற்றுதல் தகாது; வேற்றிடத்து மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டதும் இயல் இனத்தை நெருக்கியதாக ஆய்வாளர் கருதுகின்றனர். ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில் கோயிற் படித்துறையை ஒட்டி மீன்களைக் காக்கும் மரபு உண்டு. காவல் ஒரு மடுவைக் காக்கும். அம்மடுவிலிருந்து செல்லும் வழியைக் காக்காது.

அகற்றல் என்னும் தீர்வு எங்கே மெய்யாயிற்று எனின், கீழணைக்கு ஓராண்டு இளையதான ஓர் அணையில். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கென்னபெக் ஆற்றில் 1837இல் எழுந்த எட்வர்ட்ஸ் அணை 1999இல் உடைக்கப்பட்டது. மீன்வழி அமைக்கும் செலவினும் அகற்றும் செலவு குறைவு என்பதும், அது தந்த மின்சாரம் மிகச் சிறிது என்பதும் அம்முடிவுக்கு உதவின. கிளமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024இல் அகற்றி முடிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரிலேயே அணையிருந்த இடங்களுக்கு மேல் சால்மன் காணப்பட்டது. அதற்குப் பின்னே யூரோக், காருக் முதலிய பழங்குடி மக்களின் நெடுநாட் போராட்டம் இருந்தது.

இவற்றைக் காவிரிக்கு அப்படியே பொருத்த இயலாது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிறைகிறது. அவ்வேரி 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. எட்வர்ட்ஸ் அணையைப் போல் பயன் தேய்ந்துபோன கட்டடம் அன்று அது. ஆகவே இங்குத் திட்டமிடல் என்பது எந்தத் தடை பயனற்றது, எது பயனுடையதாயினும் குறித்த நாட்களிலேனும் திறக்கத்தக்கது எனப் பிரித்தறிவதில் தொடங்கவேண்டும். அத்தகைய வாய்ப்பு ஒன்று தானாகவே வந்தது. 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. மணற்கொள்ளையும் பராமரிப்பும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. 2021இல் புதிய கதவணை திறக்கப்பட்டது.

எந்நாட்களில் திறப்பது என்னும் வினாவிற்குப் பழைய ஏடுகளிலேயே குறிப்புண்டு. 1940களின் தொடக்கத்தில் தேவநேசன் கீழணையில் உல்லத்தின் சினையை வாரந்தோறும் ஆராய்ந்து, சினையிடும் பருவத்தின் நீளத்தைக் கணிக்க முயன்றார். வில்சன், சுந்தரராஜ், தேவநேசன் ஆகியோரின் குறிப்புகளை அதே காலத்துப் பொதுப்பணித்துறை நீர்த்திறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டால், மேட்டூருக்கு முன்னும் பின்னும் மீனுக்குக் கிடைத்த வெள்ள நாட்கள் எத்தனை என்பதைக் கணக்கிட முடியும்.