மூன்று பேர் எழுதி மூவரும் தோற்ற தேர்வு

1913ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு லண்டனில் ஒரு புதிய தேர்வை நடத்தியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ் தருவது அதன் நோக்கம். எழுத வந்தவர்கள் மூன்று பேர். ஒருவரும் தேறவில்லை.

வினாத்தாளைப் பார்த்தால் அவர்கள் தோற்றதில் வியப்பில்லை. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க இரண்டு மணி, அங்கிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரவும் இலக்கணத்துக்குமாக இரண்டரை மணி, ஆங்கில இலக்கியத்துக்கு மூன்று மணி, ஒலியியலுக்கு ஒன்றரை, கட்டுரைக்கு இரண்டு. அது முடிந்தபின் சொல்வதை எழுதுவது, உரக்க வாசிப்பது, உரையாடுவது. கட்டுரைக்குக் கொடுத்த தலைப்புகளில் கவிஞர் மேத்யூ ஆர்னால்டும் உண்டு, இந்தியச் சிப்பாய்க் கிளர்ச்சியும் உண்டு. கட்டணம் மூன்று பவுன். வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து அமைத்த தேர்வு அது. ஆசிரியருக்குத் தேவையானதை அது கேட்டது. வகுப்பில் உட்கார்ந்து பொருளாதாரமோ பொறியியலோ கற்க வரும் மாணவருக்கும் அந்தத் தேர்வுக்கும் அப்போது தொடர்பே இல்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறி அதே கேம்பிரிட்ஜுக்குப் போனார் சீனிவாச ராமானுஜன். அவரிடம் இப்படி ஒரு சான்றிதழை யாரும் கேட்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத் தாளில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். டிரினிட்டி கல்லூரியின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய கணக்குகள் போதுமானவையாக இருந்தன. இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால் அந்தப் பயணம் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மொழித் தேர்வை ஆளை வடிகட்டும் கருவியாக முதலில் பயன்படுத்தியவை கல்லூரிகள் அல்ல, குடியேற்ற அலுவலகங்கள். தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1897இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளே வர விரும்புகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியின் எழுத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும். கூலி வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு விலக்கு. சொந்தக் காசில் கப்பலேறி வந்த வணிகர்களைத் தடுப்பதுதான் குறி. இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுதாமலே இனத்தைத் தடுக்கும் வழி இது. ஆஸ்திரேலியா 1901இல் இதே வழியைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பதை முடிவு செய்பவர் அதிகாரி. 1934இல் ஹிட்லரை எதிர்த்துப் பேச வந்த ஈகான் கிஷ் என்ற பிராக் நகரப் பத்திரிகையாளருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால், அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, கிஷ் தப்பினார். அந்தத் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது.

அமெரிக்காவிலும் தொடக்கம் குடியேற்றச் சட்டம்தான். 1924ஆம் ஆண்டுச் சட்டம் நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்து ஆட்களின் வருகையைக் குறைத்தது; மாணவர்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வருகிறவர் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாரா என்று பார்க்க ஒரு வழி தேவைப்பட்டது. கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் 1930இல் ஓர் ஆங்கிலத் தேர்வைத் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தம் அதை நீடிக்க விடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளிநாட்டு மாணவர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. மிச்சிகனில் ராபர்ட் லாடோ உருவாக்கிய தேர்வுகளுக்குப் பெயர் இருந்தாலும் நாடு முழுமைக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. 1961 மே மாதம் வாஷிங்டனில் கூடிய ஒரு மாநாடு இதைப் பேசியது. அடுத்த ஆண்டு ஒரு தேசியக் குழு அமைந்தது, ஃபோர்டு, டான்ஃபோர்த் அறக்கட்டளைகள் பணம் தந்தன, 1964இல் டோஃபல் பிறந்தது.

அந்த முதல் டோஃபலில் ஐந்து பகுதிகள்: கேட்டல், வாக்கிய அமைப்பு, சொல்வளம், வாசிப்பு, எழுதும் திறன். ஐந்துக்கும் விடையைத் தேர்ந்து குறித்தால் போதும். எழுதும் திறனைச் சோதிக்க ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. உலகெங்கும் ஒரே நாளில் எழுதிய தாள்களை ஒரே சீராக, விரைவாக, மலிவாகத் திருத்த வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த முடிவு இது. திருத்துகிறவரின் மனப்போக்கு மாணவரைப் பாதிக்காது என்பது பெரிய நியாயம்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே மாணவர் படிப்பார். உயர்ந்த மதிப்பெண்ணோடு போய் வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் நிலைக்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது. கட்டுரைத் தேர்வு 1986இல்தான் வந்தது. எல்லோரும் பேசியே ஆக வேண்டும் என்ற நிலை 2005இல் இணையவழித் தேர்வோடு வந்தது. அதிலும் பேசுவது ஒலிவாங்கியிடம்.

பிரிட்டன் வேறு பக்கமாக யோசித்தது. 1960களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கவுன்சில் பயன்படுத்திய ஆலன் டேவிஸின் தேர்வுக்குப் பதிலாக 1980இல் வந்தது இ.எல்.டி.எஸ். படிக்கப் போகும் துறைக்கு ஏற்ற ஆங்கிலத்தைச் சோதிப்போம் என்றது அது. மருத்துவம், தொழில்நுட்பம், உயிரியல், இயற்பியல், சமூகவியல் என்று தனித்தனித் தாள்கள். எதிலும் சேராதவர்களுக்குப் பொதுத் தாள். மருத்துவர் மருத்துவக் கட்டுரையை வாசிப்பார், பொறியாளர் தன் துறைக் கட்டுரையை. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து பேச்சைச் சோதிப்பார். இந்த வரலாற்றில் மாணவரின் தேவைக்கு மிக நெருங்கி வந்த முயற்சி இதுவே.

அது நிலைக்கவில்லை. ஒரு துறையின் தாளும் மற்றதன் தாளும் ஒரே கடினம் கொண்டவை என்று எப்படி உறுதி செய்வது? நகரமைப்பு படிக்கப் போகிறவர் எந்தத் தாளை எடுப்பது? தாள்கள் கூடக்கூட நடத்துவதும் சிரமமானது. 1989இல் கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஐ.டி.பி. மூன்றும் சேர்ந்து ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வைத் தொடங்கியபோது துறைத் தாள்கள் மூன்றாகக் குறைந்தன. 1995இல் அவையும் போய், பல்கலைக்கழகம் செல்வோர் எல்லோருக்கும் ஒரே தாள் வந்தது. எதிரே ஒருவர் இருந்து பேச வைக்கும் வழக்கம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது. கேலிக் மொழியில் தேர்வு வைத்த நாட்டின் பல்கலைக்கழகங்கள், மாணவர்களை வரவழைக்கும் தேர்வுக்குப் பங்காளியானது பாராட்டத்தக்க மாற்றம்.

ஆனால் விசா அதிகாரியின் நிழல் மொழித் தேர்வை விட்டு விலகவில்லை. 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, லண்டனில் ஒரு மையத்தில் மாணவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள், விசாவுக்காகக் கேட்கப்பட்ட டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவதைக் காட்டியது. தேர்வை நடத்திய ஈ.டி.எஸ். நிறுவனம் குரல் பதிவுகளை ஒப்பிட்டு, பிரிட்டனில் எழுதப்பட்ட சுமார் 58,000 தேர்வுகளில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்றது. உள்துறை ஆயிரக்கணக்கான விசாக்களைப் பறித்தது. படிப்பு பாதியில் நின்றது, சேமிப்பு வழக்குச் செலவில் கரைந்தது, ஏமாற்றுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களில் இந்தியர்கள் பலர். குற்றமற்றவர்கள் சிக்கியிருக்கக்கூடும் என்பதை அரசு போதுமான அளவு கவனிக்கவில்லை என்று பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் சொன்னது 2019இல். பலர் ஆண்டுக்கணக்கில் வழக்காடித் தங்கள் நேர்மையை நிறுவினார்கள். போன ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இன்றைய தேர்வுகளும் இதே கதையின் தொடர்ச்சிதான். 2009இல் பியர்சன் கொண்டுவந்த பி.டி.இ. பேச்சையும் எழுத்தையும் பெரும்பாலும் கணினியைக் கொண்டே மதிப்பிடுகிறது. வீட்டிலிருந்தே எழுதும் டியோலிங்கோ தேர்வு, 2020இல் பெருந்தொற்றால் மையங்கள் மூடியபோது பரவியது. இந்தியாவில் பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திவந்த ஐ.இ.எல்.டி.எஸ். வணிகத்தை ஐ.டி.பி. 2021இல் 13 கோடி பவுனுக்கு வாங்கியது. நம் மாணவர்கள் கட்டும் கட்டணத்தின் திரண்ட அளவு அந்தத் தொகையில் தெரிகிறது.

கோச்சிங் சென்டர் வாசலில் 'எது ஈஸி?' என்ற கேள்விதான் அதிகம் கேட்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட துறை எந்தத் தேர்வை, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு மதிப்பெண்ணோடு ஏற்கிறது? அந்த நாட்டின் விசா அலுவலகம் அதே தேர்வை ஏற்கிறதா? பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டதை விசா விதி ஒப்புக்கொள்ளாமல் போவது உண்டு. ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்களுக்குத் தேர்விலிருந்தே விலக்கு தரும் இடங்களும் உண்டு. சொந்தக் கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கினால் முடிந்துவிடும் வேலை அது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் சீக்கிரம் எழுதி வைப்பதிலும் கவனம் வேண்டும். பெற்றோரின் பணத்தைக் கட்டும் முன் இந்தத் தகவல்களை ஏஜென்டின் வாய்வார்த்தையில் கேட்காமல், பல்கலைக்கழகத்திடமும் தூதரகத்திடமும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.