ஓவன்ஸின் குதிகால் எலும்பு

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். ஆரிய மேன்மை என்ற பொய் அன்றோடு உடைந்தது என்று படித்துத்தான் வளர்ந்தோம். உடைந்த பொய் அதன்பின் எங்கே போனது? அதைத்தான் பழைய நூல்களிலும் இதழ்களிலும் தேடினேன்.

முதல் தடயம், ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பியர் 1969இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் இருந்தது. ஓவன்ஸின் வெற்றிகள் ஹிட்லருக்குக் கடும் எரிச்சல் தந்தன. கொள்கையை மட்டும் அவர் விடவில்லை. காட்டிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளுக்கு உடல்வலு அதிகம், அவர்களோடு போட்டியிடுவது நியாயமல்ல, இனி அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றாராம். கறுப்பர் தோற்றால் கீழானவர். வென்றால் விலங்கின் பலம்! எப்படி ஓடினாலும் மனிதர் என்ற இடம் கிடையாது.

இது நாஜிகளின் சரக்கு மட்டும்தானா? பெர்லினில் அமெரிக்கத் தடகள அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்த டீன் குரோம்வெல் 1941இல் எழுதிய பயிற்சி நூலைப் புரட்டினேன். கறுப்பர்கள் ஆதிநிலைக்கு நெருக்கமானவர்கள், காட்டில் உயிர்பிழைக்க ஓடவும் தாண்டவும் வேண்டியிருந்தது, அதனால்தான் வெல்கிறார்கள் என்று அதிலும் இருக்கிறது. ஓவன்ஸோடு பயணம் செய்தவர் எழுதியது இது. படித்தபோது கை நடுங்கியது.

பெர்லினுக்குப் பிறகு கிளம்பிய சமாதானம் என்றால் அதற்கு முந்தைய இதழ்களில் இருக்கக் கூடாது. பின்னோக்கிப் போனேன். 1936 ஜனவரியில், ஒலிம்பிக்குக்கு ஏழு மாதம் முன்பே, அமெரிக்க உடற்கல்வி இதழ் ஒன்றில் ‘இனமும் ஓட்டக்காரர்களும்’ என்ற கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் ஹோவர்ட் பல்கலைக்கழக உடற்கூறியல் அறிஞர் மாண்டேக் காப், ஒரு கறுப்பர். கறுப்பரின் குதிகால் எலும்பு நீளம், கெண்டைக்கால் தசை வேறுமாதிரி, வேகத்தின் ரகசியம் அதுவே என்ற பேச்சு அப்போதே பரவியிருந்தது. பொய்க்குப் பதிலும் அப்போதே தயாராக இருந்திருக்கிறது!

காப் வாதம் மட்டும் செய்யவில்லை; ஓவன்ஸை நேரில் அளந்தார். கறுப்பருக்கே உரியவை என்று சொல்லப்பட்ட கெண்டைக்காலும் பாதமும் குதிகால் எலும்பும் அவரிடம் இல்லை. கறுப்பு நட்சத்திரங்கள் எல்லோருக்கும் பொதுவாக, இனத்தைக் காட்டும் உடற்கூறு ஒன்றுகூட இல்லை என்றும் காட்டினார். அந்த நட்சத்திரங்களில் ஒருவரான முன்னாள் ஓட்ட வீரர் ஹோவர்ட் டிரூவைப் பார்ப்பவர்கள் வெள்ளையர் என்றே நினைப்பார்களாம். பயிற்சியும் ஊக்கமுமே வீரரை உருவாக்குகின்றன என்பது காப்பின் முடிவு.

சாதனைப் பட்டியலும் காப்பின் பக்கமே நிற்கிறது. 1935 மே 25 அன்று ஆன் ஆர்பரில் ஓவன்ஸ் 100 கஜத்தை 9.4 விநாடியில் ஓடி உலகச் சாதனையைச் சமன் செய்தார். அந்தச் சாதனை யாருடையது? வெள்ளையரான ஃபிராங்க் வைக்காஃபினுடையது. வைக்காஃப், குரோம்வெல்லின் சொந்த மாணவர். அவருடைய வேகத்துக்கு எந்தக் காட்டைக் காரணம் சொல்வது?

காப் சொன்ன பயிற்சிக்கும் ஊக்கத்துக்கும் சான்று ஓவன்ஸின் வாழ்க்கையிலேயே கிடைக்கிறது. கிளீவ்லாந்தில் படித்தபோது பள்ளி முடிந்ததும் அவர் வேலைக்குப் போக வேண்டும். அதனால் பயிற்சியாளர் சார்லஸ் ரைலி காலையில், வகுப்பு தொடங்குமுன் ஓடவைத்தார். ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவித்தொகை இல்லை. வளாக விடுதியிலும் இடமில்லை. வெளியே தங்கி, பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார்.