ஒரு வீடு, இரண்டு சமயம்

அம்மா சிவன் கோயிலுக்கும் அப்பா தேவாலயத்துக்கும் செல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, கல்லூரியில் பெரியபுராணம் பாடம் நடத்தும்போதெல்லாம் திருநாவுக்கரசர் வரலாற்றின் முற்பகுதியிலேயே என் மனம் தங்கிவிடுகிறது. சூலை நோயும் சைவத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் அறிந்தவை. அக்காள் சைவராகவும் தம்பி சமணராகவும் வாழ்ந்த இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

திருவாமூரில் புகழனார், மாதினியார் இணையருக்குப் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். தந்தை நோயில் இறக்க, தாயும் உடன் மறைகிறார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மடிகிறார். உயிர்விடத் துணிந்த தமக்கையின் காலில் விழுந்து, 'நீங்கள் போனால் உங்களுக்கு முன் நான் போவேன்' என்று தம்பி அழுகிறார். அவருக்காகவே அவர் உயிர் தரிக்கிறார்.

பின்னர் மருள்நீக்கியார் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைக்கிறார். நிலையாமையை எண்ணிச் சமணம் சார்கிறார். தருமசேனர் என்று பெயர் பெறுகிறார். திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்கிறார். அடுத்தடுத்து நேர்ந்த அதே சாவுகள்தாம் இருவரையும் உலுக்கின. ஒரே துயரத்துக்கு இருவர் கண்ட இரண்டு விடைகள் அவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தம்பி சென்று சேர்ந்த இடமும் எளிய இடமன்று. இன்றைய திருப்பாதிரிப்புலியூராகக் கருதப்படும் பாடலியில், பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 458இல், சர்வநந்தி என்ற முனிவர் 'லோகவிபாகம்' எழுதினார். அப்பரின் காலம் 7ஆம் நூற்றாண்டு. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அது கல்வி செழித்த ஊர். அறிவுத் தாகம் கொண்ட ஓர் இளைஞர் அங்கே சென்றதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் தரப்பிலிருந்து இவ்வரலாறு நமக்குக் கிடைக்கவில்லை. நம்மிடம் உள்ள விரிவான கதை, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் சைவராகிய சேக்கிழார் எழுதியது. இதை மனத்தில் கொண்டுதான் படிக்க வேண்டும்.

அந்தச் சேக்கிழாரே ஓர் உண்மையை மறைக்காமல் விட்டிருக்கிறார். நோய் முற்றியதும் தருமசேனர் சமையற்காரரைத் தமக்கையிடம் அனுப்புகிறார். சமணப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அவர் உறுதியாக மறுக்கிறார். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெண்ணிற ஆடை உடுத்து, இரவில் தம்பி அவருடைய மடத்துக்கு வந்து காலில் விழுகிறார். தமக்கை அவரை எழுப்பித் திருநீறு தருகிறார். விடியலில் திருவலகும் மெழுக்குமாகக் கோயிலுக்குச் செல்லும்போது உடன் அழைத்துச் செல்கிறார். பிரிந்திருந்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்டதாகச் சேக்கிழார் எங்கும் சொல்லவில்லை.

இதைச் சமயத்தின் வெற்றியாகவே என் ஆசிரியர்கள் கற்பித்தார்கள். இலக்கியத்தில் அப்படிப் படிக்க இடமுண்டு. பல்லவனும் மனம் மாறி, பாடலியின் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று அதே நூல் சொல்கிறது. அரசு மாறினால் கட்டடம் இடிகிறது. ஆனால் அந்த வீட்டில் எதுவும் இடிபடவில்லை. நோயுற்ற தம்பிக்குத் தமக்கையின் நினைவு வந்தது. அவள் கொள்கையை விடவில்லை, கதவையும் அடைக்கவில்லை.

என் அம்மா ஒருநாளும் தேவாலயத்துக்குள் வந்ததில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அப்பா உடுத்திச் சென்ற வெள்ளை வேட்டியைச் சனிக்கிழமையே துவைத்து மடித்து வைத்தவர் அவர்தான். திலகவதியாரின் மறுப்பைப் படிக்கும்போது மாணவர்கள் சிலர் அவரைக் கடுமையானவர் என்பார்கள். நான் அந்த வேட்டியை நினைத்துக்கொள்வேன்.