போடிநாயக்கனூர்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள நகராட்சி. பேச்சு வழக்கில் போடி. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை முக்கால் லட்சத்தை ஒட்டியது. ஏலக்காய் வணிகத்தில் நாடறிந்த ஊர். ஆனால் இங்கு விலைபோகும் காயில் பெரும்பகுதி விளைவது மலைமேல் எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். மலைக்கும் சந்தைக்கும் நடுவே வழி திறந்தபோதெல்லாம் ஊர் வளர்ந்திருக்கிறது.

பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்த ஊரைத் தேயிலை வெளியுலகோடு பிணைத்தது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மூணாறிலிருந்து மலைவிளிம்பில் உள்ள டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் அமைந்த ஒற்றைத் தண்டவாளப் பாதை, 1908-இல் சிறு ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளம் மலைமேல் இருந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. நான்காண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றுபோன அந்தப் பாதைக்குப் போருக்குப் பிறகே மறுவாழ்வு கிடைத்தது.

மலைக்கு அப்பால் உள்ள தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் 1956 மாநிலச் சீரமைப்பில் வெற்றி பெறவில்லை. திருவிதாங்கூர்க் காலத்து எல்லையே நிலைத்தது. தோட்டம் ஒரு மாநிலத்தில், கடையும் வீடும் இன்னொரு மாநிலத்தில் என்ற வாழ்க்கை போடிக்காரர்கள் பலருக்கும் இன்றுவரை தொடர்கிறது.

தோட்டத்து உலர்த்தும் கூடத்தில் உலர்த்திய ஏலக்காய் போடிக்கு வந்ததும் சல்லடையில் சலித்துப் பருமன்வாரியாகப் பிரிக்கப்படுகிறது. பிறகு நிறமும் வெடிப்பும் பார்த்துக் கையால் பொறுக்குவார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்குத்தான் மதிப்பு அதிகம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. அரபு நாடுகளின் காபிக்குப் போகும் ஏலக்காயில் இந்தியாவுக்குப் பெரும்போட்டி குவாத்தமாலா. 2018 வெள்ளமும் அதன் பின்வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததால், 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. இரண்டே ஆண்டில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மூலதனம் வியாபாரியிடம் உண்டு. தோட்டக் கூலியாளிடம் இல்லை.

அந்தக் கூலியாட்களில் பெரும்பாலோர் பெண்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, காய் எடுத்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் ஏறுவதோ அளவுக்கு மீறிய ஆட்கள். கவிழ்ந்து உயிர் போனதும் உண்டு. மலைக்காற்று, கொட்டகுடி ஆறு, மா, இலவம் மரத்தோப்புகள் என்று ஊருக்கு வாய்த்தவை பல. இலவம்பஞ்சு மெத்தை, தலையணைத் தொழிலும் பெயர் பெற்றது. ஆனாலும் போடியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க வேண்டிய இடம் இந்த ஜீப்புப் பயணமே.

அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தை மட்டுமே நம்பியிருந்த மாணவர்களும் நோயாளிகளும் இப்போது மதுரைக்கு ரயிலேறுகிறார்கள். சென்னைக்கும் வாரம் மூன்று நாள் நேரடி ரயில் கிடைத்தது. மலையேறும் கூலிப் பெண்களுக்கு இன்னும் ஜீப்புதான்.