நாலாவது ஸ்டேஷன்ல இறங்கு

2022 கோடையில் ஜெர்மனியில் ஒரு அதிசயம் நடந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும், மாசத்துக்கு 9 யூரோ கட்டினால் நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. அப்போது நான் லைப்சிகில் ஆன்சைட்டில் இருந்தேன். குடும்பம் சென்னையில். சும்மா அறையில் கிடப்பானேன் என்று ஒரு சனிக்கிழமை காலை பெர்லினுக்குக் கிளம்பிவிட்டேன். விட்டன்பெர்கில் வண்டி மாறி, சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டே போனேன்.

பெர்லினில் எல்லாரும் பார்ப்பதை நானும் பார்த்தேன், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. மனசில் நின்றது ஒரு ரயில் நிலையம்தான்: ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ.

1961 ஆகஸ்ட் 13 அன்று நகரத்தைப் பிரித்தபோது இந்த ஸ்டேஷன் முழுசாகக் கிழக்குப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆனால் மேற்கு பெர்லினின் சுரங்க ரயில் ஒன்று இதன் அடியில்தான் ஓடியது. வடக்கிலும் தெற்கிலும் மேற்கு, நடுவில் கொஞ்ச தூரம் மட்டும் கிழக்கு. அந்தக் கிழக்குத் துண்டில் மற்ற நிறுத்தங்களை அடைத்துவிட்டார்கள். மங்கலான விளக்கில் காவலர்கள் நிற்க, வண்டி நிற்காமல் மெதுவாகக் கடந்து போகும். மக்கள் அவற்றைப் 'பேய் ஸ்டேஷன்' என்றே கூப்பிட்டார்கள். ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் மட்டும் வண்டி நின்றது. மேற்கு பெர்லின்காரர் அங்கே இறங்கி, கிழக்கு ஜெர்மனிக்குள் நுழையாமலேயே மாடிக்கு ஏறி வேறு ரயில் பிடிக்கலாம். மேலே மேற்கு நோக்கிப் போகும் பிளாட்பாரத்துக்கும் கிழக்கு நோக்கிப் போகும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இரும்புத் தடுப்பு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு உலகம்.

பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கட்டடம், 1962இல் கட்டியது. கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்புகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம். கிழக்கில் இருக்கும் சொந்தக்காரர்கள் அந்த வாசல் வரைதான் வர முடியும், அதனால் 'கண்ணீர் மாளிகை' என்று பெயர். 2011இலிருந்து அது அருங்காட்சியகம். பாஸ்போர்ட் பார்த்த குறுகலான மரக்கூண்டு இன்னும் இருக்கிறது. உள்ளே நின்றால் மூச்சு முட்டும்.

மறுநாள் ஞாயிறு, பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன். பிரசாதம் வாங்கி உட்கார்ந்தபோது பக்கத்தில் அறுபது வயசு தாண்டிய ஒருவர். முதல் நாள் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"தம்பி, நாங்கள் அதுக்குள்ளாலதான் வந்தனாங்கள்."

எனக்குப் புரியவில்லை. பெர்லின் சுவரைத் தாண்ட முடியாமல் ஆட்கள் செத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பையன் எப்படித் தாண்டினான்? லைப்சிக் திரும்பிய பிறகு பல ராத்திரி இதையே தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஆட்கள் தப்பியோடினார்கள். விசா இல்லாமல் மேற்கு ஜெர்மனிக்கு விமானம் ஏற முடியாது. ஆனால் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கலாம். கிழக்கு ஜெர்மனி, கடந்து போகும் விசா கொடுத்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ வழியாக மேற்கே அனுப்பிவிடும். அதன் சுவர் சொந்த ஜனங்களை உள்ளே வைத்திருக்கக் கட்டியது. வெளியாள் கடந்து போனால் டிக்கெட் காசு லாபம், எதிரிக்குத் தலைவலி.

சரி, மேற்குப் பக்கம் ஏன் தடுக்கவில்லை? தடுத்தால் அது எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பெர்லின் நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் உள்ள ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டு எல்லை கிடையாது என்பது அவர்கள் நிலைப்பாடு. எல்லையே இல்லாத இடத்தில் பாஸ்போர்ட் எப்படிக் கேட்பது? வந்து சேர்ந்தவர் புகலிடம் கேட்டால், கேட்கும் உரிமை 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு சிஸ்டமும் தனித்தனியாகச் சரியாகவே ஓடின. ஓட்டை இரண்டுக்கும் நடுவில்.

அந்த ஓட்டையை அடைத்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வியாபாரத்தில் கிழக்குக்கு வட்டியில்லாக் கடன் வசதி ஒன்று உண்டு. 1985 ஜூலையில் அதன் உச்சவரம்பை 850 மில்லியனாக உயர்த்த ஒப்பந்தம் ஆனது. அதே மாசம், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களைக் கிழக்கு ஜெர்மனி விடுவதை நிறுத்தியது. இரண்டும் சேர்த்துப் பேசிய பேரம் என்பது அப்போதே ஊரறிந்த சங்கதி. கவனியுங்கள், முதலில் கதவு மூடியது தமிழர்களுக்கு மட்டும். மற்ற நாட்டவர்களுக்கு 1986 அக்டோபர் வரை திறந்தே இருந்தது. மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டவர்கள் 1986இல் சுமார் 99,600 பேர், 1987இல் சுமார் 57,400 பேர். ஒரு ஸ்டேஷன் வாசல் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே தெரியும்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில் என்று பிறகு தெரிந்தது. பெர்லின் வழியாக வந்தவர்களுக்கும் அங்கே வாழ்க்கை அவ்வளவு லேசாக அமைந்துவிடவில்லை.

கோயிலில் அவரிடம், "நீங்க எப்ப வந்தீங்க அண்ணே?" என்று கேட்டிருந்தேன்.

"எண்பத்தஞ்சு மாசி. பாஷை தெரியாது, போர்டு வாசிக்கத் தெரியாது. ஏறினாப் பிறகு நாலாவது ஸ்டேஷன்ல இறங்கு எண்டு சொல்லி விட்டவை. விரல்ல எண்ணிக்கொண்டு வந்தன்." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பிக்காரன் ஆடியில வெளிக்கிட இருந்தவன். அதுக்கிடையில மூடிப்போட்டாங்கள்."

தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தொன்னையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பும் முன் ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸவுக்கு மறுபடி போனேன். நடுத் தடுப்பு இல்லை, பிளாட்பாரம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். மேற்கே போகும் வண்டியில் ஏறி எண்ணினேன். முதலாவது, லேர்ட்டர் என்ற பழைய ஸ்டேஷன் இருந்த இடம். 2006இல் திறந்த பெரிய மத்திய நிலையம் இப்போது அங்கேதான் நிற்கிறது, நான் லைப்சிக் வண்டி பிடிக்க வேண்டியதும் அங்கேதான். இறங்கவில்லை. இரண்டு, பெல்வியூ. மூன்று, டியர்கார்டன். நாலாவது, ஸூ. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. டிக்கெட் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.