நனையாத மூட்டை

கொடைக்கானலுக்குக் கூடாரம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். என்னென்ன பேக் செய்வீர்கள்? பிரெட், ஜாம், டார்ச் லைட், சீட்டுக்கட்டு... 'மழை வந்தா?' என்று வீட்டில் அம்மா கேட்டால், 'அதெல்லாம் வராதும்மா!' என்பீர்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கூடாரத்துக்குள் தண்ணீர் புகும்போதுதான் அம்மா ஞாபகம் வரும்!

இதே தப்பை ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி செய்தார். அதற்கு விலை, பதினோரு உயிர்கள்.

அவர் பெயர் ஜான் ஃப்ராங்க்ளின். கனடாவின் வடகோடிக் கடற்கரையை வரைபடமாக்க 1819-ல் போனார். 1821 செப்டம்பரில், இருபது பேரோடு திரும்பும் வழியில் பிடித்தது மழை. லேசுப்பட்ட மழை இல்லை. நனைந்த கூடாரம் அப்படியே உறைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. போர்வையும் அதே கதி. சாப்பாடு தீர்ந்துவிட்டது. நாள்கணக்கில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை.

கையில் இருந்தது இரண்டு சின்னப் படகுகள். ஒன்றைச் சுமந்து வந்தவர் காற்றில் தடுமாறி விழ, படகு உடைந்தது. அதையே விறகாக்கி, மிச்சமிருந்த சூப்பைக் காய்ச்சிக் குடித்தார்கள். சில நாளில் அடுத்ததும் உடைந்தது. 'போகட்டும்' என்று விட்டுவிட்டார்கள்.

போகட்டுமா? எதிரே வந்து நின்றது காப்பர்மைன் ஆறு!

அகலம் சுமார் நூறு மீட்டர்தான். ஆனால், ஐஸ் தண்ணீர். டாக்டர் ரிச்சர்ட்சன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தப் பார்த்தார். பாதியில் கை கால் மரத்துப்போய் மூழ்க, கரையில் இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். கடைசியில் செயின்ட் ஜெர்மைன் என்ற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. படுக்கை சுற்றி வந்த பெயின்ட் அடித்த கான்வாஸ் துணியைத் தைத்து, குச்சிகளில் கட்டி ஒரு குட்டிப் படகு செய்தார். ஒவ்வொருவராக அக்கரை சேர்ந்தார்கள். ஆனால் படகு ஒழுகியதில் துணிமணி, படுக்கை எல்லாம் தொப்பல்!

ஆற்றங்கரையில் வீணானது எட்டு நாள். அந்த எட்டு நாளில் எஞ்சியிருந்த தெம்பும் போய்விட்டது. அப்புறம் பாறையில் ஒட்டியிருந்த பாசியும், பழைய செருப்புத் தோலும்தான் ஆகாரம். பதினோரு பேர் ஊர் திரும்பவில்லை. லண்டனில் ஃப்ராங்க்ளினுக்குக் கிடைத்த பட்டம், 'பூட்ஸைத் தின்றவர்'!

நான் காமர்ஸ் படித்தவன். நஷ்டக் கணக்கை ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்பதில் எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. ஃப்ராங்க்ளின் ஒழுங்காகப் படித்தார்.

அப்போது கிளாஸ்கோவில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற கெமிஸ்ட், கரித்தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். தண்ணீர் புகவில்லை! 1823-ல் காப்புரிமை வாங்கினார். நாற்றம் அடிக்கும், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். இருந்தாலும் நனையாதே!

1825-ல் மறுபடி அதே வடதிசைக்குப் புறப்பட்ட ஃப்ராங்க்ளின், மெக்கின்டாஷ் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆட்களுக்கு நனையாத உடை. சாப்பாட்டு மூட்டைகளுக்கு நனையாத உறை. முக்கியமாக, அதே துணி போர்த்திய ஒன்பது அடிப் படகு ஒன்று. எடை 85 பவுண்டு. பிரித்து மூட்டை கட்டிச் சுமக்கலாம். இருபது நிமிஷத்துக்குள் பூட்டிவிடலாம். அதற்கு 'வால்நட் ஷெல்' என்று பெயர். இனி எந்த ஆறும் எட்டு நாள் காக்க வைக்க முடியாது என்ற பிடிவாதம் தெரிகிறதா?

1827 வரை நீடித்த அந்தப் பயணத்தில் யாரும் பூட்ஸைத் தின்னவில்லை. நீளமான கடற்கரை ஒன்று வரைபடத்தில் ஏறியது.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். 1845-ல், 59 வயதில், இரண்டு கப்பல்கள், மூன்று வருஷச் சாப்பாட்டோடு மறுபடி வடக்கே போனார். 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கப்பல்கள் கடலடியில் கிடைத்தது 2014-லும் 2016-லும்தான். மழையில் கற்ற பாடத்தை மழைக்குச் சரியாகப் பயன்படுத்தினார். பனி வேறு கேள்வி கேட்டது.

அதற்காக மழைப் பாடத்தை விட்டுவிட முடியுமா? மாற்றுத் துணியையும் தீப்பெட்டியையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அம்மா சொன்னால் கேளுங்கள்!