சகோதரர் லாரன்ஸ்: சமையலறையில் தேடிய இறைப்பிரசன்னம்

சகோதரர் லாரன்ஸ் (சுமார் 1614 - பிப்ரவரி 12, 1691) பிரான்சின் பாரிஸ் நகரில் கார்மேல் சபைத் துறவியாக வாழ்ந்தவர். குருப்பட்டம் பெறாதவர். மடத்தின் சமையலறையிலும் செருப்புத் தைக்கும் கூடத்திலும் வேலை செய்தார். கடவுளின் அருகாமைக்கான ஏக்கத்தை அன்றாட வேலையோடு இணைத்த இவருடைய உரையாடல்களும் கடிதங்களும் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

ஒரு சொல் விளக்கம். தமிழ்க் கத்தோலிக்கர் ‘இறைப்பிரசன்னம்’ என்பதையும், சீர்திருத்தத் திருச்சபையினர் ‘தேவ பிரசன்னம்’ என்பதையும் ஒரே பொருளில்தான் வழங்குகின்றனர். சோதிடத்தில் வரும் ‘பிரசன்னம் பார்த்தல்’ இதனோடு தொடர்பில்லாதது. அது கேள்வி என்று பொருள்படும் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது.

படைவீரர்

இயற்பெயர் நிக்கோலா எர்மான். லொரேன் பகுதியில் லூனேவில் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். சில வாரங்களில் இதில் இலை துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. அந்த எண்ணமே தமக்குக் கடவுளைக் காட்டியது என்று பின்னாளில் சொன்னார். ஆனால் உடனே மடத்தில் சேரவில்லை. முப்பதாண்டுப் போரில் (1618-1648) படைவீரராக இருந்தார். ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுப் பிடிபட்டு, உயிர் தப்பினார். பிறகு காலில் காயம்பட்டு வாழ்நாள் முழுவதும் நொண்டினார். நம் பாடநூல்கள் அந்தப் போரின் அரசர்களையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அதில் கால் இழுத்துத் திரும்பிய ஒருவன் பிறகு என்ன ஆனான் என்று சொல்வதில்லை.

சிறிது காலம் ஒரு செல்வர் வீட்டில் ஏவலாளாக இருந்தார். எதை எடுத்தாலும் கை தவறி உடைத்துவிடும் ஆள் என்று தம்மைப் பற்றி அவரே கூறியிருக்கிறார்.

மடத்தில்

1640இல் பாரிஸ் வோழிரார் தெருவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அவிலாவின் தெரேசாவும் சிலுவையின் யோவானும் சீர்திருத்திய ‘காலணியற்ற கார்மேல்’ கிளை அது. காலணியற்ற என்றால் வெறுங்கால் என்று கொள்ள வேண்டாம்; அவர்கள் மூடிய காலணிக்குப் பதிலாகச் செருப்பு அணிந்தனர். அதனால்தான் மடத்தில் செருப்புத் தைக்க ஆள் தேவைப்பட்டது.

தம்முடைய கைத்தவறுகளுக்கு இங்கே கடும் தண்டனை கிடைக்கும், அதுவே தம் பாவங்களுக்குப் பரிகாரம் என்று எதிர்பார்த்து வந்தார். கிடைத்தது வேறு. வெளியே வேலை ஒழுங்காக நடந்தது. உள்ளே சுமார் பத்தாண்டுகள் பெரும் துன்பம். கடவுள் தம்மைக் கைவிட்டதாகவே உணர்ந்தார். குறித்த நேரத் தியான முறைகள் அவருக்கு உதவவில்லை. கடைசியில், இந்த வேதனை தீராவிட்டாலும் பரவாயில்லை, சாகும்வரை கடவுள்மீது கொண்ட அன்புக்காகவே வாழ்வோம் என்று முடிவு செய்தார். அதன் பிறகே மனத்தில் அமைதி வந்தது என்கிறார். ஏக்கம் தீர்ந்ததால் வந்த அமைதி அன்று. ஏக்கத்தைத் தீர்த்துத் தா என்று கேட்பதை விட்டதால் வந்தது. அவரைப் படிப்போர் பலர் இந்தப் பத்தாண்டுகளைத் தாண்டிச் சமையலறைக்கு ஓடிவிடுகிறார்கள்.

சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத ஒன்று. ஆயினும் சுமார் பதினைந்து ஆண்டுகள் செய்தார். பாத்திரங்களும் ஆட்களின் கூப்பாடும் நிறைந்த இடத்தில், கடவுளோடு மனத்துக்குள் எளிய சொற்களில் பேசுவதே அவருடைய முறை. மறந்துபோனால் தம்மைத் திட்டிக்கொள்ளாமல் திரும்ப நினைவுகொள்வார். மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கும் அனுப்பப்பட்டார். கால் ஊனமானதால் படகில் பீப்பாய்கள்மீது உருண்டுதான் நகர முடிந்தது.

நூலும் சர்ச்சையும்

1666 ஆகஸ்டு 3 அன்று ஜோசப் தெ போஃபோர் என்ற குரு அவரைச் சந்தித்துப் பேசினார். தொடர்ந்து நடந்த சந்திப்புகளின் குறிப்புகளையும் கடிதங்களையும், லாரன்ஸ் இறந்த பின் 1692, 1694 ஆகிய ஆண்டுகளில் இருநூல்களாக வெளியிட்டார்.

காலம் சாதகமாக இல்லை. 1687இல் மோலினோசின் ‘அமைதிவாதம்’ ரோமில் கண்டிக்கப்பட்டிருந்தது. மனித முயற்சியை அறவே விட்டு இறைவனில் அடங்கியிருத்தல் என்பது அதன் கொள்கை. பிரான்சில் குயோன் அம்மையார் சிறைப்பட்டார். லாரன்சை நேரில் அறிந்திருந்த பேராயர் ஃபெனலோன், தம் கருத்துக்கு ஆதரவாக அவரையும் எடுத்துக்காட்டினார். ஆயர் போசுவே ஃபெனலோனை எதிர்த்தார். 1699இல் ஃபெனலோன் நூலின் 23 கூற்றுகளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் கண்டித்தார். சமையற்காரரின் பெயரிலும் சந்தேகத்தின் நிழல் விழுந்தது. பிரெஞ்சுக் கத்தோலிக்கர் நெடுங்காலம் அவரை மறந்தனர். என் கருத்தில் இது அநியாயம். நாள் முழுதும் அடுப்படியில் உழைத்தவரை முயற்சியை விட்டவர் என்று எப்படிச் சொல்வது?

அவரைக் காத்தவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். நெதர்லாந்தில் வாழ்ந்த பியர் புவாரே நூலை மறுபதிப்புச் செய்தார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தம் ‘கிறிஸ்தவ நூலகம்’ வரிசையில் அதன் சுருக்கத்தைச் சேர்த்தார்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், வோழிரார் தெரு மடம் சிறையாக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் அங்கே கொல்லப்பட்டனர். மடத்தின் புனித யோசேப்பு ஆலயம் இன்றும் நிற்கிறது; சுற்றியுள்ள வளாகத்தில் பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம் இயங்குகிறது.